நாலு கியரும் தேஞ்ச வண்டி

ஆயர் ஈத்தாம், பினாங்கு
4 ஜூன் 2024, செவ்வாய்

தங்கச்சி புஷ்பவள்ளிக்கு,

ஒன் அண்ணன் ராமசாமி எழுதுறேன். படிச்சிட்டு மயக்கம் போட்டு விழுந்துறாத. ஒன் ஒர்க்ஷாப் தரையெல்லாம் கருப்பெண்ணெய், வழுக்கிட்டே கெடப்ப, தூக்க ஆளிருக்காது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால சாமி படத்துக்கு எதிர்ல நின்னு, இனிமே ஒன்னோட பேசுனா என் நாக்கு அழுகட்டும்னு சொன்னேன். மறக்கல. ஆனா நாக்குக்குத்தான் சத்தியம், கைக்கு இல்ல. அதனால எழுதலாம்லா. நாலாங்கிளாஸ் படிச்சது இதுக்காவது ஆவட்டும்.

இந்த பிஸ்கட் டின்னுல இருக்கிறது என் கப்சாய் மோட்டர் சைக்கிளோட கியர் பாக்ஸ். பலகாரம்னு நெனச்சு கடிச்சு வச்சிராத. ரெண்டு மாசமா வண்டி என்னை ஏமாத்துது. மூணாவது கியரப் போட்டு முறுக்குனா, தானா கழண்டு ப்ரீயாயிடுது. எஞ்சின் மட்டும் கத்துது, வண்டி நவுர மாட்டுது. போன வாரம் பாயா தெருபோங் மேட்டுல, பின்னால ரொட்டிப் பெட்டி நெறைய சரக்கு, ரெண்டாவது கியர் கழண்டு வண்டி பின்பக்கமா உருண்டுச்சு. பின்னால மண் லோரி. லோரிக்காரன் தலைய வெளிய நீட்டித் திட்டுனான். நான் திரும்பிப் பாத்து, ரொட்டி வேணுமா, காயா ரொட்டி இருக்குன்னேன். கேட்டேனே ஒழிய, ஓரமா நிப்பாட்டி மறுபடி வண்டியில ஏற அரை மணி நேரம் ஆச்சு. ஒனக்குத்தான் சொல்றேன், வேற யாருகிட்டயும் சொல்லல.

இங்க ஒர்க்ஷாப்காரன் எஞ்சினப் பொளந்து பாத்துட்டு, அங்கிள், இது போச்சு, புது மோட்டர் வாங்குங்கிறான். எழுவத்தொரு வயசுல புது மோட்டரா, அப்படியே புதுப் பொண்டாட்டியும் சேத்துக் குடுன்னேன். ஒன் அண்ணி போட்டோவுல இருந்து முறைச்சா.

மாப்ள குணாளன் உயிரோட இருந்தா அவருகிட்ட குடுத்திருப்பேன். அவரு போனப்புறம் ஒர்க்ஷாப்ப நீதான் நடத்துற. கியர் பாக்ஸ்ல நீ அவரையே தூக்கிச் சாப்பிட்டேன்னு ஷாருல் சொல்றான். அவன்தான் ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டியக் கட்டிக்கிட்டு செவ்வாயும் வெள்ளியும் பெர்ரியில இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் அலையுறானே. பதில் கடிதாசிய அவன்கிட்டயே குடுத்துடு.

இது ரிப்பேர் ஆவுமா ஆவாதா? ஒத்த வார்த்தையில எழுது. ஆவும்னுதான் எனக்குத் தோணுது. போன மாசம் அம்மனுக்குத் தீ மிதிச்சேன், இருவத்து மூணாவது வருஷம். எந்த வருஷமும் இப்படி இருந்ததில்ல. நெருப்பே தெரியல புஷ்பா. மழ பேஞ்ச மணல்ல நடக்குற மாதிரி குளுகுளுன்னு இருந்துச்சு. ஓடக்கூட இல்ல, நிதானமா நடந்தேன். பூசாரியே என்னப் பாத்து கையெடுத்தாரு. அவ்வளவு அருள் குடுத்தவ ஒரு கியர் பாக்ஸ் குடுக்க மாட்டாளா?

ராமசாமி


பாகான் டாலாம்
7 ஜூன் 2024

அண்ணனுக்கு,

டின் வந்தது. கடிதமும் வந்தது.

சத்தியத்தைப் பற்றி வேடிக்கையாக எழுதியிருக்கிறீர்கள். நாம் பேசாமல் போனதற்குக் காரணம் உங்கள் சத்தியம் இல்லை. ஆஸ்பத்திரி வார்டிலிருந்து உங்களை வெளியே போகச் சொன்னது நான். உடம்பில் சர்க்கரை ஏறி, இனிப்பு நீர் முற்றி அவருடைய இடது காலை எடுத்த மறுநாள், கட்டில் பக்கத்தில் நின்று, "மாப்ள, இனிமே ஒரு கால் செருப்பு வாங்குனா போதும், பாதி வெலதான்" என்று சொன்னீர்கள். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நாற்பதாம் நாள் அவர் போய்விட்டார். நீங்கள் எழுதியதால் நானும் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

இனி வேலை. கியர் பாக்ஸை மண்ணெண்ணெயில் கழுவி, பழைய காலண்டர் தாளில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒரு கியர் இன்னொன்றோடு பூட்டிக்கொள்ள அதன் பக்கவாட்டில் சில முட்டுகள் இருக்கும். புதிதில் அவை செங்கல் போலச் சதுரமாக இருக்கும். உங்களுடையவை பாதி கரைந்த சோப்புக் கட்டி போல உருண்டிருக்கின்றன. அதனால்தான் முறுக்கும்போது வழுக்கிக் கழன்றுகொள்கிறது.

ஆனால் அவை தேய்ந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ரொட்டிச் சுமையால் தேய்ந்திருந்தால் மேடு ஏறும் முதல் இரண்டு கியர்கள் மட்டும் போயிருக்கும். எண்ணெய் இல்லாமல் ஓட்டியிருந்தால் இரும்பு நீலம் பாய்ந்திருக்கும். இரண்டும் இல்லை. நான்கு கியரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கின்றன. கியர் பெடலை முழுக்க அமுக்காமல், ஒவ்வொரு முறையும் பாதியில் விட்டால்தான் இப்படி ஆகும். முப்பது வருடமாக ஒழுங்காக மிதித்த கால், இப்போது ஏன் பாதியில் நிற்கிறது?

கேட்பதற்குப் பதில் எழுதுங்கள். பெடல் அமுங்கி கியர் விழும்போது பாதத்துக்கு அடியில் ஒரு தட்டுத் தட்டுமே, அது தெரிகிறதா? தீ மிதித்த பிறகு பாதத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா?

இந்த மாதிரித் தேய்மானத்தை நான் இதற்கு முன் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். எங்கே என்று இப்போது எழுத மனம் வரவில்லை. உங்கள் பதில் வரட்டும்.

புஷ்பவள்ளி


ஆயர் ஈத்தாம்
11 ஜூன் 2024

புஷ்பாவுக்கு,

ரிப்பேர் ஆவுமான்னு கேட்டா இத்தன கேள்வி கேக்குற. நீ மெக்கானிக்கா, போலீஸா?

தட்டுறது தெரியுதான்னு கேட்டிருக்க. காதுல நல்லாக் கேக்குதுலா. டக்குனு சத்தம் வந்தா கியர் விழுந்திருச்சுன்னு அர்த்தம். கொஞ்ச நாளா அப்படித்தான் ஓட்டுறேன். பக்கத்துல பஸ் போனா மட்டும் சத்தம் கேக்காது, குத்துமதிப்பா விட்டுருவேன். மத்தவன் காலால கியர் போடுறான், ஒன் அண்ணன் காதால போடுறான். கெட்டிக்காரன்னு சொல்லு.

வண்டி ஓடுன கடைசி நாளு ஒரு கூத்து நடந்துச்சு. காலையில வீட்டுலேர்ந்து ஜோடிச் செருப்போட கெளம்புனேன். எல்லா வீட்டுக்கும் ரொட்டி போட்டு, பாசார்ல டீ குடிச்சு, பதினொரு மணிக்குத் திரும்பி வந்து பாக்குறேன், இடது காலுல செருப்பக் காணும். எங்க விழுந்துச்சுன்னே தெரியல. வெறுங்காலோட எத்தன மைலு ஓட்டுனேனோ. பக்கத்து வீட்டு லோகேஸ்வரி, அங்கிள், வழியில கீழ ஊனவே இல்லையான்னு கேக்குது. ஊனுனேன்தான், பத்து வீட்டுல எறங்கி ரொட்டி குடுத்தேனே. நீ வேணா பார், செருப்புக்கு என் காலு பிடிக்கல, வேற ஆளோட ஓடிப்போச்சுன்னேன். அது விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன்.

பாதத்தத் திருப்பிப் பாக்கச் சொல்ற. என் தொப்பைக்கு நான் பாதத்தப் பாத்தே பத்து வருஷம் ஆச்சு. சாக்ஸ் போட்டுக்கிறேன், கால்ல ஏதோ ஈரமாவே இருக்கு, இந்த வெயிலுக்கு வேர்க்காம என்ன செய்யும். அம்மன் நெருப்பு யாரையும் சுடாது. சந்தேகப்பட்டா அதுதான் பாவம்.

இன்னொரு தொந்தரவு. வீட்டுல எங்கயோ எலி செத்துக் கெடக்கு. நாலு நாளா நாத்தம். அலமாரிய நவுத்திட்டேன், கட்டில நவுத்திட்டேன், லோகேஸ்வரியும் வந்து தேடுச்சு. காணும். ஆனா நான் எங்க உக்காந்தாலும் அங்க நாறுது. எலி என் பின்னாலயே நடந்து வருது போல. ராத்திரி இத நெனச்சா சிரிப்பு வர மாட்டுது.

மாப்ள சிரிச்சாருன்னு நீயே எழுதியிருக்க. அது போதும் எனக்கு. மத்தத எழுதாத.

கியர் பாக்ஸ எப்பத் தருவ? ரொட்டிக்காரன் வீட்டுல உக்காந்தா வீட்டு ஆளுங்க கடைக்குப் போய் வாங்கப் பழகிருவாங்க.

ராமசாமி


பாகான் டாலாம்
14 ஜூன் 2024

அண்ணே,

எலியைத் தேடாதீர்கள்.

நேற்றிலிருந்து ஏழு தடவை போன் செய்துவிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றுகிறீர்கள் என்று தெரியும். அதனால் ஷாருலிடம் சொல்லியிருக்கிறேன், இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது, நீங்கள் படித்து முடிக்கும்வரை வாசலிலேயே நிற்க வேண்டும் என்று. அவனைத் திட்டாதீர்கள்.

இதே தேய்மானத்தை எங்கே பார்த்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அவருடைய வண்டியில். கால் எடுப்பதற்கு ஒரு வருடத்துக்கு முன்னால் அவருடைய கியரும் இப்படித்தான் கழல ஆரம்பித்தது. நான்கும் ஒரே மாதிரி. மெக்கானிக் வீட்டு வண்டி, வேறு என்ன செய்வோம்? கியரை மாற்றினோம். நான்கு மாதத்தில் மறுபடியும் போயிற்று. பெடலை மாற்றினோம். மூன்றாவது தடவையும் மாற்றினோம். பிரித்துப் பிரித்துப் போட்டு, சாமான் சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டினோம். இரண்டு மெக்கானிக்குகள் ஒரே வீட்டில் இருந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருவருக்கும் காலைப் பார்க்கத் தோன்றவில்லை. கால் செத்துக்கொண்டிருந்தது, அண்ணே. இனிப்பு நீர் முதலில் வலியைத்தான் எடுத்துக்கொண்டு போகும். பெடல் அமுங்கியதா இல்லையா என்று காலுக்குத் தெரியாது. செருப்பு விழுந்தாலும் தெரியாது. நெருப்பும் தெரியாது.

அம்மன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் கால் மேல்தான் சந்தேகம். இருபத்திரண்டு வருடம் சுட்ட நெருப்பு இந்த வருடம் ஏன் சுடவில்லை என்று நீங்கள் ஒரு தடவையாவது பயந்திருப்பீர்கள். பயந்ததால்தான் முதல் கடிதத்திலேயே அதை எழுதினீர்கள்.

அண்ணியின் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, சாக்ஸைக் கழற்றி, இடது காலை அதன் மேல் பிடியுங்கள். ஷாருல் பக்கத்தில் நிற்பான். பார்த்ததும் அவனோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். துணி மாற்றிக்கொண்டு போகிறேன், டீ குடித்துவிட்டுப் போகிறேன் என்று எதுவும் வேண்டாம்.

கியர் பாக்ஸ் என்னிடம் இருக்கிறது. டாக்டர் உங்கள் காலைப் பார்த்தார் என்று தெரியும்வரை ஒரு வாஷர்கூட அந்தக் கரைக்கு வராது.

புஷ்பா


பெரிய ஆஸ்பத்திரி, பினாங்கு
18 ஜூன் 2024

புஷ்பா,

கண்ணாடியில பாத்தேன்.

எலி கெடச்சிருச்சு. வேற எதுவும் எழுத வர மாட்டுது, ஆனா நீ தெரிஞ்சுக்கணும். பாதத்துல அம்பது காசு அளவுக்கு ஓட்ட. சின்ன வெரலும் அதுக்குப் பக்கத்து வெரலும் கருப்பு. ஷாருல் வெளிய ஓடிப்போய் வாந்தி எடுத்துட்டு, திரும்பி வந்து, பாக்சிக், ஜோம், அதான் அங்கிள் வாங்க போலாம்னு சொல்லி என்னைத் தூக்கி வண்டியில உக்கார வச்சான். அவனுக்குப் பெருநாள் நேரம், அப்பப் போய் என்னக் கட்டிக்கிட்டு அழுதான். அந்தக் கடிதாசிய நீ எழுதாம இருந்திருந்தா நான் இன்னும் அலமாரிக்கு அடியில தேடிக்கிட்டு இருந்திருப்பேன்.

இங்க ஒரு டாக்டர் நைலான் நூல் மாதிரி ஒண்ண வச்சு, கண்ண மூடச் சொல்லி, பாதத்துல தொட்டுத் தொட்டு, தெரியுதா தெரியுதான்னு கேட்டாரு. நான் சும்மாவே, தெரியுது, தெரியுதுன்னேன். கண்ணத் தொறந்து பாத்தா அவரு நூலையே எடுக்கல, கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. எழுவது வருஷமா ஊரையே ஏமாத்துனவன் நான். அந்த மனுசன் என்னை ஏமாத்திட்டாரு. அப்புறம் நெசமாத் தொட்டாரு. இடது காலுல பத்து எடத்துல தொட்டதுல ரெண்டு தெரிஞ்சுச்சு. ரெண்டும் குதிங்கால் பக்கம்.

வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு உள்ள கொண்டு போறாங்க. வெரலு ரெண்டும் போயிரும். அது போதுமா, இல்ல மேல வரைக்கும் போகணுமான்னு தொறந்து பாத்தாத்தான் தெரியுமாம். மேலன்னா எதுவரைக்கும்னு கேட்டேன். டாக்டரு கணுக்கால காட்டுனாரு. அப்புறம் கொஞ்சம் யோசிச்சு, முட்டிக்குக் கீழ காட்டுனாரு. தொறந்து பாத்தாத்தான் தெரியும். ஒன் ஒர்க்ஷாப்புல நீ சொல்ற அதே பேச்சு.

நூர் பாத்திஹான்னு ஒரு நர்ஸ் மிஸ்ஸி இருக்கு. அது பேனா குடுத்துச்சு. அந்தப் பேனாவால வலது காலுல, இது இல்ல, அடுத்ததுன்னு மலாயில பெருசா எழுதி வச்சேன். அது திட்டிக்கிட்டே சிரிச்சுச்சு. சிரிச்சுட்டுப் போனப்புறம் நான் போர்வையத் தலையோட இழுத்து மூடிக்கிட்டேன்.

பயமா இருக்கு புஷ்பா. நெருப்புல எறங்குறப்பகூட இப்படி இருந்ததில்ல. அப்பல்லாம் சுடும்னு தெரியும், தெரிஞ்சுதான் எறங்குனேன். அந்தப் பயம் நல்ல பயம். இப்ப ஒண்ணுமே தெரியல. தொட்டா தெரியல, குத்துனா தெரியல. என் காலு எனக்குத் தெரியாமலே வேற யாருகிட்டயோ போயிட்டிருக்கு.

மாப்ளகிட்ட சொன்னத நீ எழுதியிருந்த. அத எழுதாதன்னேன். இப்ப நானே எழுதுறேன். அன்னிக்கு உள்ள நுழைஞ்சதும் போர்வையப் பாத்தேன். ஒரு பக்கம் மேடா இருந்துச்சு, ஒரு பக்கம் தட்டையா இருந்துச்சு. திரும்பி ஓடிரலாம்னு தோணுச்சு. ஓடாம நின்னேன், ஓடாம இருக்க வாயத் தொறந்தேன், வந்தது அதுதான். அவரு ஏன் சிரிச்சாருன்னு இங்க படுத்ததுக்கப்புறந்தான் தெரியுது. எனக்குத்தான் பயம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. என்னத் தேத்துறதுக்குச் சிரிச்சிருக்காரு.

அவரு படுத்திருந்த அதே வார்டு இது. ஜன்னல் பக்கம் அவரோட மூணாவது கட்டில்ல இப்ப வேற ஆளு இருக்காரு. நான் அந்தப் பக்கம் திரும்புறதில்ல.

நீ வருவியான்னு கேக்கல. கேக்க எனக்கு மூஞ்சி இல்ல.

ராமசாமி


பாகான் டாலாம்
19 ஜூன் 2024

அண்ணே,

இன்று செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. ஷாருல் உங்களுக்காகவே பெர்ரி ஏறுகிறான்.

நான் வர முயலவில்லை என்று நினைக்காதீர்கள். சனிக்கிழமையிலிருந்து மூன்று தடவை பெர்ரி வாசல்வரை வந்தேன். அங்கிருந்து பார்த்தால் உங்கள் கரை தெரிகிறது, இருபது நிமிடம்கூட ஆகாது. வாசலில் கால் நின்றுவிடுகிறது. அந்த வார்டின் மருந்து வாசனை இந்தக் கரையிலேயே எனக்கு அடிக்கிறது. அவரை உள்ளே அனுப்பியபோது இரண்டு கால் இருந்தது. வெளியே வந்தபோது போர்வையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார்கள். இன்னொரு தடவை அந்தப் போர்வையைத் தூக்க எனக்குத் தைரியம் இல்லை. கோபம் இல்லை, அண்ணே. பயம்தான். நீங்கள் பயந்தால் சிரிக்கிறீர்கள், நான் பயந்தால் திட்டுகிறேன். ஒரே அம்மா வயிற்றில்தானே பிறந்தோம்.

கியர் பாக்ஸ் ரிப்பேர் ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வார்த்தையில் எழுதச் சொன்னீர்கள். ஆகும்.

உங்கள் பழைய கியர்கள் உதவாது. தாசேக் கெலுகோரில் மழை வெள்ளத்தில் மூழ்கிக் கெட்டுப் போன ஒரு வண்டியிலிருந்து முழு செட் கிடைத்தது. முட்டுகள் இன்னும் சதுரமாக இருக்கின்றன, விரலால் தடவினால் விளிம்பு கையில் உறுத்துகிறது. ஷாருல் கம்பெனி லோரி உங்கள் வண்டியை எஞ்சினோடு இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டது. நாளை காலை பத்து மணிக்கு உங்களை உள்ளே கொண்டுபோகும்போது நான் எஞ்சினைப் பூட்ட ஆரம்பிப்பேன். என் கைக்கு வேலை இல்லாவிட்டால் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது.

ஆனால் வண்டி உங்களுக்கு இல்லை. கியர் போட்டால் காலில் தெரிகிற ஆள்தான் அதை ஓட்டலாம். அது நான். நீங்கள் பின்னால் உட்கார்ந்து ரொட்டி விற்கலாம், பேசுவதுதானே உங்களுக்கு வேலை.

இந்தப் பொட்டலத்தில் செருப்பு இருக்கிறது. பட்டர்வொர்த் பாசாரில் வாங்கினேன், எட்டாம் நம்பர். கடையில் அரை மணி நேரம் நின்றேன். கடைக்காரப் பெண் என்ன ஆச்சு அக்கா என்று கேட்டாள். ஒரு ஜோடி வாங்கினேன் அண்ணே. இரண்டு காலுக்கும். முழு விலை கொடுத்தேன்.

கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு உள்ளே போகும்போது அதை வேறு எங்கும் எடுத்து வைத்துவிடாதீர்கள்.

புஷ்பா


பெரிய ஆஸ்பத்திரி
22 ஜூன் 2024

புஷ்பா,

படுத்துக்கிட்டே எழுதுறேன், எழுத்து எலி ஓடுன மாதிரி இருக்கும். எலின்னு எழுதக் கூடாது. எழுதிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கண்ணு முழிச்சேன். மயக்க மருந்துல இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியல. போர்வைய வயித்து வரைக்கும் மூடியிருந்தாங்க, அதுக்குள்ள என்னமோ கம்பி வளைவு வச்சு கூடாரம் மாதிரி தூக்கி விட்டிருந்தாங்க. மேடும் தெரியல, தட்டையும் தெரியல. டாக்டரு வந்து என்னமோ மலாயில சொன்னாரு. நான் கண்ண மூடிக்கிட்டேன். சொல்லி முடிச்சதும் போயிட்டாரு. நூர் பாத்திஹா வந்து, பாக்சிக், பாருங்கன்னுச்சு. அப்புறம் பாக்குறேன், சோறு திங்கட்டும்னேன். சோறு தின்னேன். அப்புறம் தூங்கட்டும்னேன். வெள்ளிக்கிழமையும் அப்படியே போச்சு. லோகேஸ்வரி வந்துச்சு, அது மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சிரும்னு செவத்தப் பாத்துக்கிட்டே பேசுனேன். வியாழன் பத்து மணிக்கு எஞ்சினப் பூட்டுனியா, சத்தம் எப்படி இருக்குன்னு அத விட்டு ஒன்கிட்ட கேக்கச் சொன்னேன். அது ஒனக்குப் போன் போட்டிருக்கு. நாலு கியரும் விழுது, கழலலன்னு சொன்னியாம். அதக் கேட்டதும் கொஞ்சம் மூச்சு விட்டேன். ஆனாலும் பாக்கல.

டாக்டரு வலது காலயும் நூலால தொட்டுப் பாத்துட்டாரு. பத்துல ஏழு. அதையும் பாத்துக்கணுமாம். பயம் போவல புஷ்பா, அது இங்கயேதான் இருக்கும்போல, கட்டில் பக்கத்துல நாக்காலி போட்டு உக்காந்துக்கிச்சு.

இன்னிக்குக் காலையில மிஸ்ஸி என்னை எழுப்பி ஓரமா உக்கார வச்சுச்சு. எந்திரிச்சு ஒரு நிமிசம் நின்னாத்தான் ஆச்சுன்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. அத அப்படிச் சொல்லக் கூடாது. சொல்லிட்டேன். கீழ குனிஞ்சு கட்டிலுக்கு அடியில இருந்த செருப்ப எடுத்துச்சு. நான் கூரையில சுத்துற காத்தாடியப் பாத்துக்கிட்டே இருந்தேன். வலது செருப்ப மாட்டி விட்டுச்சு. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பண்ணல. அப்புறம் குதிங்கால்ல ரப்பரு படுற மாதிரி என்னமோ தெரிஞ்சுச்சு. ரெண்டே எடம் தெரியும்னாங்களே, அந்த ரெண்டு எடம்.

நாளைக்கு வண்டிய எடுத்துக்கிட்டு பெர்ரி ஏறு. வார்டுக்குள்ள வர வேணாம், கீழ நில்லு, இவங்க என்னைச் சக்கர நாக்காலியில தள்ளிக்கிட்டு வருவாங்க. போர்வை இருக்காது. வந்ததும் பேசுவேன். நாக்கு அழுவுனா அழுவட்டும், ஆஸ்பத்திரியிலதானே இருக்கேன்.

ஒரு கொறைய மட்டும் இப்பவே சொல்லிடுறேன். கட்டு போட்டிருக்கு, அதோட மாட்டியும் இடது கால் செருப்பு முன்பக்கம் ரெண்டு வெரலு அளவுக்குப் பெருசா இருக்கு. எட்டாம் நம்பரு வாங்கிட்டியே. பரவால்லலா, நான் சமாளிச்சுக்கிறேன்.

அண்ணன்
ராமசாமி